காவலாளி குடித்திருந்தார் என்று எழுதியவள் நான்

என் மகனுக்கு,

நீ கொழும்பிலிருந்து பஸ்ஸில் போட்டுவிட்ட பார்சல் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வவுனியாவுக்கு வந்தது. நானே போய் எடுத்துக்கொண்டு ஓட்டோவில் நெளுக்குளத்துக்குத் திரும்பினேன். முந்நூறு பக்கங்களுக்கு மேல் இருந்தது. மேலே ஒரு துண்டில், "அம்மா, எழுத்துப்பிழை மட்டும் பாருங்கோ, மற்றதெல்லாம் முடிஞ்சுது" என்று எழுதியிருந்தாய். இடது கண்ணில் புரை முற்றிவிட்டது, ஆகவே ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் வாசித்தேன். மூன்று நாள் எடுத்தது. எழுத்துப்பிழை அதிகம் இல்லை. நீ என்னைவிட நன்றாக எழுதுகிறாய், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் பதினோராம் அத்தியாயத்தில், குளம் உடைந்த நாளை நீ விவரிக்கும் இடத்தில், ஒரு வரியைக் கண்டதும் தாள்களை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வெளியே வளவுக்குள் போய் நின்றேன். "குளத்துக் கதவுகளைத் திறக்கவேண்டிய காவலாளி மதுபோதையில் இருந்ததால் குளக்கட்டு உடைந்தது" என்பது அந்த வரி. பக்கத்தின் அடியில் அதற்கு ஆதாரம் கொடுத்திருந்தாய். நீ காட்டிய ஆதாரம் என்னுடைய புத்தகம்.

அந்த வரி பொய், மகனே. அதை எழுதியவள் நான். எழுதும்போதே அது பொய்யென்று எனக்கு உள்ளுக்குள் தெரியும்.

இதை உனக்குத் தனியாகச் சொல்லியிருக்கலாம். நான் தவறை அச்சில் செய்தேன். அந்தப் புத்தகத்தை ஊர் ஊராகக் கொடுத்தார்கள், பாடசாலை நூலகங்களில் வைத்தார்கள். குற்றத்தைச் சபையில் செய்துவிட்டு, ஒப்புக்கொள்வதை மட்டும் வீட்டுக் குசினிக்குள் வைத்துக்கொள்வது நியாயமில்லை. அதனால்தான் இதைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். எல்லோரும் வாசித்துவிட்ட ஒன்றை ஒருவர் வாயை மூடி அழித்துவிட முடியாது என்பது இன்னொரு காரணம். அந்தப் பயம் எனக்கு ஏன் வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உன் புத்தகம் யாருடைய வரலாறோ, அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. அவர் எங்கள் அலுவலகத்தின் மேலதிகாரி, நாங்கள் எல்லோரும் அவரை ஐயா என்றுதான் அழைத்தோம், நானும் அப்படியே சொல்கிறேன். ஊரில் சிலருக்கு ஆள் விளங்கும். அதை என்னால் தடுக்க முடியாது. ஆனால் அவரிடம் இன்னும் யாரும் முறையாகக் கேள்வி கேட்கவில்லை, அவர் பதில் சொல்லவுமில்லை. பதில் கேட்காமல் ஒருவரின் பெயரை அச்சில் ஏற்றுவதை நான் ஒருமுறை செய்திருக்கிறேன். இரண்டாம் முறை செய்யமாட்டேன். காவலாளி தவராசாவின் பெயரை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் என் புத்தகத்தில் அந்தப் பெயரைப் போட்டுத்தான் அழுக்காக்கினேன்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் கண்டதையும் கேட்டதையும் மட்டும் சொல்கிறேன். நீ எனக்கு மகன் என்பதை மறந்துவிட்டு, ஒரு சாட்சியைக் கேட்பது போலக் கேள்.

மாசி மாதம். வெட்டிய நெல் பாதி வயலில் கிடந்தது, மீதி இன்னும் வெட்டாமல் நின்றது. காலம் தப்பி மழை பிடித்துக்கொண்டு மூன்று நாளாக விடவில்லை. நெடுங்கேணிக்கு அப்பால், காட்டோரமாக இருந்த நீர்ப்பாசன அலுவலகத்தில் நான் அப்போது எழுதுவினைஞர். மழையால் அன்று வந்தவர்கள் நாலைந்து பேர்தான். காலை ஒன்பது மணி தாண்டியிருக்கும், தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"அக்கா, தவராசா கதைக்கிறன். குளக்கட்டில நிக்கிறன். தண்ணி விறுவிறெண்டு ஏறுது. கதவைத் திறக்கட்டோ எண்டு ஐயாட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ."

"எவ்வளவு ஏறியிருக்கு?"

"இன்னும் ஒண்டரை அடி ஏறினால் கட்டுக்கு மேலால பாயும். கெதியாக் கேளுங்கோ அக்கா."

ஐயா பக்கத்து மேசையில் ஏதோ கோவையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரிசீவரை அவரிடம் நீட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு, "நான் சொல்லும்வரைக்கும் கதவில கை வைக்கக் கூடாது. விளங்குதோ? நான் சொல்லும்வரைக்கும்" என்றார். ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "மழை குறையும் பிள்ளை" என்றார். நான் வழக்கம்போலத் தொலைபேசிக் குறிப்புப் புத்தகத்தில் நேரத்தையும் தவராசாவின் பெயரையும் எழுதி, "நீர்மட்டம் பற்றி. ஐயா கதைத்தார்" என்று குறித்தேன். கொஞ்ச நேரத்தில் மழையில் அலுவலகத் தொலைபேசி இணைப்பே அறுந்துவிட்டது. தவராசா மறுபடி எடுத்துப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

பதினொரு மணியளவில் கட்டு உடைந்தது. கீழே பள்ளத்தில் மூன்று வீடுகள் இருந்தன. ஒரு தாயும் அவருடைய மகளும் வெள்ளத்தோடு போய்விட்டார்கள். மகளைப் பின்னேரமே எடுத்துவிட்டார்கள், தாயை அடுத்த நாள்தான் வேலியோரம் கண்டெடுத்தார்கள்.

அன்று ஐயா செய்ததையும் சொல்லவேண்டும். செய்தி வந்த உடனே ஜீப்பில் போனார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வயோதிபர்களை முதுகில் சுமந்து கொண்டுவந்தார். பின்னேரம் அவர் திரும்பியபோது காலில் ஆழமான வெட்டு, அதற்கு நானே துணி கட்டினேன். அதை நீ உன் புத்தகத்தில் நன்றாக எழுதியிருக்கிறாய். அதில் ஒரு எழுத்தையும் மாற்றாதே. தண்ணீரில் இறங்கியவரும், கதவில் கை வைக்காதே என்றவரும் ஒரே ஆள். ஒன்றைச் சொல்வதற்காக மற்றதை மறைக்கவேண்டியதில்லை.

அடுத்த நாள் காலை ஐயா குறிப்புப் புத்தகத்தைக் கேட்டார். கொடுத்தேன். திங்கட்கிழமை என் மேசையில் புதுப் புத்தகம் ஒன்று இருந்தது. பழையது எங்கே என்று நான் கேட்கவில்லை. விசாரணை என்று ஒன்று நடந்தது. என்னை யாரும் அழைக்கவில்லை, நானும் போகவில்லை. காவலாளி குடித்துவிட்டுக் கிடந்தார் என்று கதை வந்தது, தவராசாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஆறு கிழமை கழித்து எனக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் கிடைத்தது. மூன்று வருடமாகக் கேட்டுக் கிடைக்காத இடமாற்றம். உன் அப்பா இல்லாத வீட்டில் நீ தனியே இருந்து சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய், நான் இருட்டோடு வெளிக்கிட்டு இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கியபோது நான் அழுதேன். அது என் வாயை அடைக்கத் தந்ததா, இல்லை உண்மையிலேயே என் நிலையைப் பார்த்து இரங்கித் தந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாது என்றே எழுது. எதற்காகத் தந்திருந்தாலும், நான் அதை வாங்கிக்கொண்டேன்.

சில வருடம் போய் ஐயா ஓய்வுபெற்றார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட ஒரு குழு சேர்ந்தது. நல்ல தமிழ் எழுதுவேன் என்று என்னிடம் வந்தார்கள். நான் பெருமைப்பட்டேன். குளம் உடைந்த அத்தியாயத்துக்கு வந்தபோது கை தயங்கியது. அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆதாரம் தேடினேன். என் காதால் கேட்டதை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு, மற்றவர்கள் சொல்வதைத் தேடிப் போனேன். மூன்று பேரைக் கண்டேன். ஒருவர் ஐயாவின் சாரதி, ஒருவர் விவசாயிகள் சங்கத்துச் செயலாளர், மற்றவர் எங்கள் அலுவலகத்தில் என்னோடு வேலை செய்து ஓய்வுபெற்றவர். மூவரும் தவராசா குடித்திருந்தார் என்றே சொன்னார்கள்.

செயலாளரிடம், "நீங்கள் கண்ணால கண்டனீங்களோ?" என்று கேட்டேன்.

"இதென்ன ரீச்சர் மாதிரிக் கேள்வி கேக்கிறியள்? கண்டால்தானோ? முழு ஊருக்கும் தெரிஞ்ச கதைதானே" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். மூன்று பேர் சொல்கிறார்கள், பிறகென்ன என்று எழுதினேன். பிறகு ஒருநாள், எல்லாம் முடிந்தபிறகு, அவர்கள் பேச்சோடு பேச்சாகச் சொன்னதையெல்லாம் உட்கார்ந்து கோத்துப் பார்த்தேன். செயலாளருக்குச் சொன்னவர் சாரதி. சாரதிக்குச் சொன்னவர், ஜீப்பில் போகும்போது, ஐயா. அலுவலகத்துக்காரர் வாசித்தது ஐயா கையொப்பமிட்ட அறிக்கை. மூன்று வாய்களில் கேட்டது ஒரே ஒரு ஆளின் குரல். அந்த மூவரும் பொய்யர்கள் இல்லை, நம்பியதைச் சொன்னார்கள். அவர்களிடம் "யார் சொன்னது?" என்று ஒரு கேள்வி, அதற்கு வந்த பதிலுக்கு "அவருக்கு யார் சொன்னது?" என்று இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. கேட்டால் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இப்போது நீயும் நாலாவது வாயாக அந்த மூவரோடு சேர்ந்திருக்கிறாய். உன் அடிக்குறிப்பை வாசிக்கிறவன் அம்மாவும் எழுதினார், மகனும் எழுதினார், இரண்டு புத்தகத்தில் இருக்கிறதே என்பான். ஒரு பொய் இப்படித்தான் வயதுக்கு வருகிறது.

தவராசாவிடம் நான் போகவேயில்லை. ஒருவரைப் பற்றி இரண்டு உயிர் போகக் காரணமானவர் என்று எழுதும்போது, அவருடைய வீட்டுப் படலை வரை போய் "இதற்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்காமல் எழுதினேன். அவருடைய வீடு எனக்குத் தெரியாத இடமல்ல.

புத்தகம் வந்து இரண்டு மாதத்தில் அவருடைய மனைவி நெளுக்குளத்துக்கு வந்தா. நீ அப்போது பல்கலைக்கழகத்தில். சீலைப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கதிரையின் நுனியில் இருந்தா.

"அக்கா, இதை எழுதினது நீங்கள்தானே?"

"ஓம்."

"அண்டைக்குக் காலமை அவர் போன் எடுக்கேக்கை நீங்கள்தானாம் கதைச்சனீங்கள். 'அக்காட்டைச் சொன்னனான், அக்காவுக்குத் தெரியும்' எண்டு இண்டைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்."

நான் அவாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "கனபேர் போன் எடுக்கிறவை. எனக்கு ஞாபகமில்லை" என்றேன்.

"அவர் சலரோகக்காரர் அக்கா, சீனி வருத்தம். கள்ளுக்கூட வாயில வைக்கிறேல்லை. கிளினிக் கொப்பி கொண்டந்திருக்கிறன், பாருங்கோ."

"அடுத்த பதிப்பு வந்தால் பார்ப்பம்."

"அதுக்கிடையில நாங்கள் என்ன செய்யிறது?"

 தேத்தண்ணி ஊற்றப்போவதாகச் சொல்லி எழுந்து உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அவா இல்லை. அடுத்த பதிப்பு வரவில்லை. அது வராது என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். செத்துப்போன தாய், மகளின் சொந்தக்காரர் அதுவரை தவராசாவோடு முகம் கொடுத்துக் கதைத்தவர்கள்தான், குடித்த கதையில் அவர்களுக்கும் முழுக்க நம்பிக்கை வரவில்லை. என் புத்தகம் வந்த பிறகு கதைப்பதை நிறுத்தினார்கள். அச்சில் வந்துவிட்டதே. ஒருநாள் சந்தையில் வைத்து ஒருவர் அவருடைய முகத்தில் துப்பினாராம். அவர்கள் அந்த ஊரை விட்டுப் போனார்கள். போன இடத்தில் நாலு வருடத்தில் தவராசா சிறுநீரகம் பழுதாகி இறந்தார். செத்தவீட்டுக்கு நான் போகவில்லை. அவருடைய குடும்பம் இப்போது எங்கே என்று எனக்குத் தெரிந்தாலும் இங்கே எழுதமாட்டேன்.

இனி உன் புத்தகத்துக்கு வருகிறேன். அந்த வரியை வெட்டினால் மட்டும் போதாது. அதற்கு இரண்டு பந்தி கீழே, "கதவுகள் திறக்கப்படாததற்கு, ஐயாவின் மைத்துனரின் வயல்கள் கீழே இருந்ததே காரணம் என ஊரில் பலர் கூறுகின்றனர்" என்று நீ எழுதியிருக்கிறாய். அதற்கு அடிக்குறிப்பே இல்லை. இதை எங்கே எடுத்தாய்? முகநூலில் வந்தது எனக்கும் தெரியும். அந்தக் காணிகளின் உறுதிப் பத்திரத்தைப் பார்த்தாயா? மைத்துனரைக் கண்டாயா? ஐயாவைப் பிடிக்காதவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர் இப்போது பெரிய பதவிக்குப் போட்டியிடப்போகிறார் என்று கதை அடிபடுகிறது. ஒரு பக்கம் என்னுடைய பொய், மறுபக்கம் முகநூல் வதந்தி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நடுநிலையாக எழுதிவிட்டேன் என்று நீ நினைத்திருக்கிறாய். நடுவில் நின்றால் நியாயம் வந்துவிடாது. ஐயா ஏன் அந்த முடிவை எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. கதவைத் திறந்தால் தண்ணீர் வயல்களுக்குள் பாயும், அங்கே கிடந்தது ஒரு முழு ஊரின் நெல். அதைக் காப்பாற்ற நினைத்திருக்கலாம். மழை குறையும் என்று உண்மையாகவே நம்பியிருக்கலாம். நீ சொல்கிற காரணமும் இருக்கலாம். எனக்குத் தெரிந்தது அவர் சொன்ன ஒரு வசனம் மட்டும். அந்த வசனத்தை எழுது. காரணத்தை அவரிடம் கேள். "பலர் கூறுகின்றனர்" என்று மட்டும் எழுதாதே. தவராசாவைக் கொன்ற வார்த்தை அதுதான். இப்போது அதே வார்த்தையால் வேறொருவரைக் கொல்லப் பார்க்கிறாய்.

பயம் ஏன் வந்தது என்று சொல்வதாக இருந்தேன். பார்சல் வந்த மறுநாள், புதன்கிழமை காலை, இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். நல்ல மரியாதையான பிள்ளைகள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அன்று ஐயாவின் வரலாற்றை வெளியிட்ட குழுவின் ஆட்கள் என்றார்கள். எனக்கு முகம் தெரியவில்லை. என் புத்தகத்தின் பிரதி ஒன்றை எடுத்து நீட்டினார்கள்.

"அம்மா, இதில ஒரு கையெழுத்து வைச்சுத் தாருங்கோ. ஆசையாக் கொண்டந்தனாங்கள்."

வாங்கினேன். அது தானாகவே விரிந்தது. குளத்து அத்தியாயம். அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டிருந்தது.

"தம்பியும் இதைத்தானே எழுதியிருக்கிறார்? நல்லம். அம்மா எழுதினதை மகன் மாத்தமாட்டார்தானே" என்றார் ஒருவர்.

மற்றவர் சுவரில் இருந்த உன் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பி வெள்ளிக்கிழமையில பின்னேர பஸ்ஸிலதானே வாறவர்? முன்பக்கத்து சீற்றிலதான் இருப்பாராம், என்ன?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

நீ வெள்ளிக்கிழமையில் வருவாய் என்பதை யாரிடமாவது கேட்டறியலாம். நீ எந்த சீற்றில் இருப்பாய் என்று எனக்கே தெரியாது, மகனே. கையெழுத்து வைத்துக் கொடுத்தேன்.  அப்போது நான் மூன்றில் ஒரு பங்குகூட வாசித்திருக்கவில்லை, நீ அந்த வரியை எழுதியிருக்கிறாய் என்று எனக்கே தெரியாது. அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உன்னிடமும் உன் பதிப்பாளரிடமும் என்னிடமும் மட்டும் இருக்கவேண்டிய தாள்கள் அவை. யாருடைய கையால் போனது என்று நீ யோசி. நான் ஒருவர் மேலும் பழி சொல்லமாட்டேன்.

சனிக்கிழமை காலை ஐயாவே தொலைபேசியில் வந்தார். குரல் அப்படியே இருக்கிறது, கொஞ்சமும் முதுமை இல்லை.

"பிள்ளை, சுகமே? கண் ஒப்பரேசனாம். நல்ல டொக்டராப் பாத்துச் செய்யும்."

"ஓம் ஐயா."

"மகன்ரை புத்தகம் வருதாம். சந்தோசம். நீர் எழுதினதை ஆதாரமா வைச்சிருக்கிறாராம். அதுதான் எனக்குப் பெரிய சந்தோசம்."

எனக்கு எங்கிருந்து துணிவு வந்தது என்று தெரியவில்லை. "ஐயா, அண்டைக்குக் காலமை போன் எடுத்தது நான்" என்றேன்.

  அவர் மெதுவாக, "எனக்கு ஞாபகமில்லை, பிள்ளை" என்றார். அதே வார்த்தைகள். தவராசாவின் மனைவிக்கு நான் சொன்னது. கேட்கிற ஆளுக்கு அது எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வைப்பதற்கு முன், "மகனைக் கவனமா இருக்கச் சொல்லும்" என்றார். அது அக்கறையா, வேறா என்று நான் தீர்மானிக்கவில்லை. நீயும் தீர்மானிக்காதே. இந்தப் பேச்சை அவருடைய பதில் என்று புத்தகத்தில் போட்டுவிடாதே. அவர் அதைப் பழைய எழுதுவினைஞரிடம் சொன்னார், வரலாறு எழுதுகிறவரிடம் சொல்லவில்லை. நீ உன் கேள்விகளை எழுத்தில் அனுப்பு, பதிவுத் தபாலில் அனுப்பு. பதில் சொல்லப் போதிய நாள் கொடு. பதில் வந்தால் ஒரு சொல் வெட்டாமல் போடு. அது என்னைப் பொய்க்காரி என்று சொன்னாலும் போடு. வராவிட்டால், கேட்டோம், வரவில்லை என்று போடு.

இன்னொரு ஆள் இருக்கிறார். அன்று காலை குளக்கட்டில் தவராசாவுக்குப் பக்கத்தில் நின்றவர். அவரை நான் இந்தக் கிழமை கண்டேன். ஆணா பெண்ணா, எந்த ஊர், எப்படிப் போனேன் என்று எழுதமாட்டேன். நான் எனக்குத் தெரிந்ததை முதலில் சொல்லவில்லை. அன்றைக்கு என்ன நடந்தது என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் சொல்லிக்கொடுத்ததை அவர் திருப்பிச் சொன்னால் அது மறுபடியும் ஒரே குரலாகிவிடும் என்று இந்த வயதில்தான் படித்திருக்கிறேன். கைத்தொலைபேசியிலிருந்து ஐயாவின் குரல் வெளியே கேட்டதாம். நான் இந்தப் பக்கத்தில் கேட்ட அதே வசனத்தைத்தான் இந்த ஆளும் குளக்கட்டுப் பக்கத்தில் கேட்டதாகச் சொன்னார். அதன்பிறகு தவராசா திரும்பத் திரும்ப எண்ணை அழுத்தினாராம், கிடைக்கவில்லை. கடைசியில் யார் சொல்லையும் பாராமல் கதவைத் திறக்க ஓடினாராம். அதற்குள் கட்டு கரையத் தொடங்கிவிட்டது.

"எழுதுங்கோ. ஆனால் நான் சொன்னதெண்டு எழுதாதேங்கோ. நான் இங்கைதான் இருக்கவேணும்" என்றார் அவர்.

அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. நீ நேரில் வரும்போது பெயரைச் சொல்கிறேன், தொலைபேசியில் கேட்காதே, எங்கேயும் எழுதி வைக்காதே. நீயே போய்க் கேட்டு உறுதிப்படுத்திக்கொள். என் வார்த்தையை நம்பி எழுதாதே. ஆனால் இந்த வெள்ளிக்கிழமை வராதே. அடுத்த வெள்ளிக்கிழமையும் வராதே. வேறு நாளில், வேறு வழியால், யாருக்கும் சொல்லாமல் வா. கண் சத்திரசிகிச்சைக்குப் பக்கத்து வீட்டு அக்கா கூட வருவா.

நேற்றுக் காலை நான் பட்டணத்துக்குப் போய் ஒரு சட்டத்தரணியிடம் சத்தியக் கடதாசி முடித்தேன். அந்த இளம் பிள்ளை இரண்டு தடவை வாசித்துக் காட்டிவிட்டு, "அம்மா, இதில கையெழுத்து வைச்சால் பிறகு பின்வாங்க ஏலாது. யோசிச்சனீங்களோ?" என்று கேட்டா. நான் ஓமென்றேன். தொலைபேசி எப்போது வந்தது, யார் எடுத்தது, நான் என்ன கேட்டேன், எதைக் கேட்கவில்லை, குறிப்புப் புத்தகத்தை யாரிடம் கொடுத்தேன், எப்போது இடமாற்றம் கிடைத்தது, புத்தகத்தில் எதை எழுதினேன், தவராசாவின் மனைவியிடம் என்ன பொய் சொன்னேன், எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு பிரதி அந்தச் சட்டத்தரணியிடம் இருக்கிறது. மற்றவை எங்கே என்று எழுதவில்லை. எனக்கு ஏதாவது நடந்தாலும் அந்தக் காகிதம் கதைக்கும்.

இந்தக் கடிதத்தின் கீழே அம்மா என்று மட்டும் போடுகிறேன், இது உனக்கு எழுதியது என்பதால். உன் புத்தகத்தில் அப்படிச் செய்யாதே. அந்த அடிக்குறிப்பில் என் முழுப் பெயரைப் போடு. நான் பார்த்த பதவியைப் போடு. முன்னைய புத்தகத்தில் இதே ஆள் இதற்கு எதிராக எழுதினார் என்று போடு. ஐயாவிடம் உதவி பெற்றவர் என்று போடு. இந்தச் சாட்சி இந்த நூலாசிரியரின் தாய் என்பதையும் மறைக்காமல் போடு. வாசிக்கிறவர்கள் என்னை நம்பலாம், நம்பாமலும் விடலாம், அது அவர்களுடைய விருப்பம். பெயர் குறிப்பிட விரும்பாத ஒருவர் என்று மட்டும் என்னை எழுதிவிடாதே. நான் விரும்புகிறேன்.

அம்மா